பாலைவனப் பாறைப் படம் சொதப்புகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

படத்தில் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் லென்ஸைக் கழற்ற வேண்டாம். ஒரே இடத்தில் நின்று அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களைக் கணினியில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

- குறை மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்கிறது: கோளாறு கேமராவுக்குள் அல்லது லென்ஸில்.
- படத்துக்குப் படம் இடம் மாறுகிறது, கூடிக் குறைகிறது: காற்று, மணல், முக்காலி, இவற்றில் ஒன்று.
- கேமரா திரையில் நன்றாக இருந்தது, கணினியில் கெட்டது: நிறத்தைக் கையாண்ட விதம்.

பாதிப் பிழைகள் இந்த ஒரு சோதனையிலேயே பிடிபட்டுவிடும். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில், சர்வீஸ் சென்டர் கடைசியில்.

## வானத்தில் சாம்பல் நிற வட்டப் புள்ளிகள்

காடு மலை படங்களில் இலைதழைக்குள் ஒளிந்துகொள்ளும் தூசி, பாலைவனத்தின் வெற்று நீல வானத்தில் அப்பட்டமாகத் தெரியும். தூசி எந்தக் கண்ணாடியில் இருக்கிறது என்று முதலில் பிரித்தறியுங்கள். ஒரே காட்சியை எஃப் 5.6-இல் ஒன்று, எஃப் 22-இல் ஒன்று எடுத்தால் போதும் (எஃப் எண் என்பது லென்ஸ் திறப்பின், அதாவது அப்பர்ச்சரின் அளவு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்).

எஃப் 5.6-இல் மறைந்து, எஃப் 22-இல் சின்னதாகவும் கறுப்பாகவும் தெரிகிறது. படம் பதியும் சில்லான சென்சார் மேல் தூசி.

சூரியன் படத்துக்குள் இருக்கும்போது மட்டும் ஒளிப்பொட்டுகளாக வருகிறது. லென்ஸின் முன் கண்ணாடியில் அல்லது ஃபில்டரில் தூசி. உள்ளங்கையால் சூரியனை மறைத்து ஒரு படம் எடுங்கள். பொட்டுகள் போய்விட்டால் உறுதி.

பெரிய மங்கல் திட்டு, லென்ஸை மாற்றினால் காணாமல் போகிறது. லென்ஸின் பின் கண்ணாடி. முன் கண்ணாடியில் நான்கு துகள் கிடந்தாலும் படம் தாங்கும். பின் கண்ணாடியில் ஒன்றே ஒன்று இருந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

சென்சார்தான் என்று சந்தேகம் இருந்தால்: ஐ.எஸ்.ஓ.வை (ஒளிக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்) மிகக் குறைவாக வையுங்கள், அப்பர்ச்சர் எஃப் 22, ஃபோகஸ் கைமுறையில் முடிவிலி. ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்து, கணினியின் வெள்ளைத் திரையை ஒரு சாண் தொலைவிலிருந்து, கேமராவை மெல்ல அசைத்துக்கொண்டே எடுங்கள். அசைவில் திரையின் நுண்புள்ளிகள் கலைந்துவிடும். சென்சாரோடு சேர்ந்தே நகரும் தூசி மட்டும் நிலையாகப் பதியும்.

புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடும்போது பலரும் தவறான பக்கத்தைத் துடைக்கிறார்கள். கேமராவை நேராகப் பிடித்து, லென்ஸ் மாட்டும் வாய் வழியாக உள்ளே பார்த்தால், படத்தின் மேல்பாதியில் தெரிந்த புள்ளி சென்சாரின் கீழ்ப்பாதியில் இருக்கும். இடம் வலம் மாறாது.

சரிசெய்யும் வரிசை:

1. கேமராவின் சொந்தச் சென்சார் அதிர்வுச் சுத்தம். கேமராவை அடிப்பக்கம் கீழே இருக்க மேசையில் வைத்து மூன்று நான்கு முறை ஓட்டுங்கள்.
2. ரப்பர் ப்ளோயர். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆரில் பாதியில் சார்ஜ் தீர்ந்தால், சுத்தத்துக்காகத் தூக்கி நிறுத்திய கண்ணாடி கீழே விழுந்து கருவியில் மோதும். கேமரா வாயைத் தரை நோக்கிக் கவிழ்த்து, ப்ளோயர் மூக்கை வாய்விளிம்புக்கு வெளியிலேயே வைத்து, பத்துப் பதினைந்து முறை ஊதுங்கள். ப்ளோயரையே முதலில் வெளியே ஐந்தாறு முறை அமுக்கிவிடுங்கள். பையில் கிடந்த ப்ளோயருக்குள்ளும் மணல் இருக்கும். வாயால் ஊதினால் எச்சில் துளி. அழுத்தக் காற்று டப்பா வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் திரவம் சென்சார் கண்ணாடியில் கறையாக உறையும்.
3. ஈர ஸ்வாப், அதாவது சென்சார் துடைக்கும் தட்டைக் குச்சி. ஊதி முடித்த பிறகுதான், அதுவும் காற்றில்லாத அறையில். முழுச்சட்டகச் (ஃபுல் ஃப்ரேம்) சென்சாருக்கு 24 மி.மீ. அகல ஸ்வாப், ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சாருக்கு 16 மி.மீ. சுத்தத் திரவம் இரண்டு மூன்று சொட்டு. இடமிருந்து வலம் ஒரே இழுப்பு, ஸ்வாபைத் திருப்பி மறுபக்கத்தால் வலமிருந்து இடம் ஒரே இழுப்பு, பிறகு குப்பைத்தொட்டி. இன்னும் ஒருமுறை என்று அதே ஸ்வாபை வைத்துத் தேய்த்தால், அதில் ஒட்டிய மணல் துகளே உளியாகும்.

சென்சார் அசைந்து கைநடுக்கத்தைச் சமன்செய்யும் கேமராக்களில், மெனுவிலுள்ள சுத்தம்செய்யும் முறையைத் தேர்ந்து, கையேடு சொன்னபடி நிறுத்திய பிறகே தொடுங்கள்.

*சர்வீஸ் சென்டருக்கு எப்போது:* இரண்டு ஸ்வாப் போட்டும் அதே இடத்தில் அதே புள்ளி. புள்ளியைச் சுற்றி எண்ணெய் வளையம். புள்ளிக்குப் பதில் கோடு. கோடு என்றால் கீறல். அதை இனி எந்தத் திரவமும் ஆற்றாது.

லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகு காட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றினாலே இந்தத் தொல்லை பெரிதும் குறையும். காற்று வீசும் நாளில் வண்டிக்குள் உட்கார்ந்து மாற்றுங்கள். இரண்டு லென்ஸுக்கு இரண்டு கேமரா எடுத்துச்செல்பவர்களைப் பார்த்துப் பகட்டு என்று நினைக்க வேண்டாம். அது தூசிக்குப் பயந்து செய்யும் காரியம்.

## படம் மங்கல்

மங்கலில் நான்கு வகை. எந்த வகை என்று தெரியாமல் லென்ஸைக் குறைசொல்வதுதான் வழக்கமான தவறு.

### தொலைவுப் பாறை மட்டும் மங்கல், அருகில் உள்ளவை தெளிவு; படத்துக்குப் படம் மாறுகிறது

கானல். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது. லைவ் வியூவில் (பின்திரையில் காட்சியை நேரலையாகக் காட்டும் வசதி) பத்து மடங்கு பெரிதாக்கி பாறையின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தால் முக்காலி, ஃபோகஸ், ஷட்டர் வேகம் எதை மாற்றியும் பயனில்லை.

- சூரியன் உதித்த முதல் அரை மணிக்குள் எடுத்து முடியுங்கள். தரை இரவுக் குளிர்ச்சியிலேயே இருக்கும் நேரம் அது. மாலையில் சூரியன் மறைந்த பிறகும் மணல் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸுக்கு மாலையைவிடக் காலை மேல்.
- தரையோடு தரையாகப் படுத்து எடுக்காதீர்கள். மேடேறினால் இடையிலுள்ள சூட்டுக் காற்றின் அடுக்கு மெலியும்.
- நெருங்கிப் போங்கள். 400 மி.மீ. லென்ஸோடு இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்பதைவிட 100 மி.மீ. லென்ஸோடு அரைக் கிலோமீட்டரில் நிற்பது மேல். பாறைக்கும் பின்னணிக்கும் உள்ள அளவு விகிதம் மாறும். அது வேறு படம் என்று ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.
- வேறு வழியில்லை என்றால் இருபது முப்பது படம் தொடர்ச்சியாக எடுத்து, ஆகத் தெளிவானதைப் பொறுக்குங்கள்.

குளிரூட்டிய வண்டியின் ஜன்னலைத் திறந்து உள்ளிருந்தபடியே எடுத்தாலும் இதே நெளிவு வரும். குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் லென்ஸின் முன்னாலேயே கலக்கின்றன. இறங்கி எடுங்கள்.

### எல்லாமே மங்கல்; சில படங்கள் நன்று, சில மோசம்

அதிர்வு. சோதனை சுலபம்: அதே காட்சியை ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி 1/500 நொடியில் எடுங்கள். தெளிவாக வந்தால் லென்ஸ் குற்றமற்றது.

முதலில் கேமரா வார். காற்றில் படபடக்கும் வார் முக்காலியை உலுக்கும். கழற்றுங்கள், அல்லது முக்காலியில் சுற்றிவிடுங்கள். அடுத்து இரண்டு நொடி டைமர். முக்காலியில் நிற்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்து ஒன்று, போட்டு ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். டி.எஸ்.எல்.ஆரில் 1/30 முதல் 1/4 நொடி வரையான வேகங்களில் கண்ணாடி தூக்கும் அதிர்வு தெரியும்; லைவ் வியூவில் எடுத்தால் போகும்.

அடுத்தது மணல். முக்காலி நிற்பதுபோல் தெரியும், ஆனால் நொடிக்கு நொடி இறங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காலையும் தனித்தனியாக, இதற்குமேல் போகாது என்னும்வரை அழுத்துங்கள். அரை நிமிடம் விட்டு, கேமராவின் மின்னணு மட்டக்கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் இறங்கினால் கால்களுக்கடியில் தட்டையான கல் வையுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் ஆடும் பை முக்காலியையும் சேர்த்து ஆட்டும்.

### அருகே தெளிவு, தொலைவு மங்கல் (அல்லது மறுதலை). எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி

ஃபோகஸ் வைத்த இடம் தவறு. முன்னால் கிடக்கும் மணல் வரிகளும் பின்னால் நிற்கும் பாறைக் கோபுரமும் இரண்டும் தெளிவாக வேண்டும் என்றால், முழுச்சட்டகத்தில் எஃப் 11-க்கான கணக்கு இது:

- 16 மி.மீ. லென்ஸ்: ஏறக்குறைய 0.8 மீட்டரில் ஃபோகஸ்
- 24 மி.மீ.: 1.75 மீட்டர்
- 35 மி.மீ.: 3.7 மீட்டர்

அந்தத் தொலைவின் பாதியிலிருந்து முடிவிலி வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். இது பழைய பிலிம் அளவுகோலில் போட்ட கணக்கு. நாற்பது மெகாபிக்சலுக்கு மேல் உள்ள சென்சாரில் தொலைவுப் பாறை லேசாகக் குழைந்தே வரும். அப்போது மேற்சொன்ன தொலைவை இரட்டிப்பாக்குங்கள். முடிவிலியின் மங்கல் பாதியாகும். முன்னால் உள்ளது ஒரு முழத்துக்குள் இருந்தால் ஒரு படத்தில் அடங்காது. எஃப் 8-இல் அருகே, நடுவே, தொலைவே என்று மூன்று முதல் ஆறு படம் எடுத்து மென்பொருளில் அடுக்கிச் சேருங்கள். எஃப் 22-க்கு மூடுவது தீர்வாகாது. ஒளி விளிம்பு விலகலால் படம் முழுவதுமே மென்மையாகும், சென்சார் தூசியும் சேர்ந்து பல்லிளிக்கும்.

### ஒரு ஓரம் மட்டும் மங்கல்

லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி மையம் தப்பியிருக்கலாம். தொலைவிலுள்ள ஒரே கூர்மையான பாறை முனையைப் படத்தின் நான்கு மூலைகளிலும் மாறிமாறி வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்யாமல், எஃப் 5.6-இல் நான்கு படம் எடுங்கள். அந்த முனை ஒரே ஒரு மூலையில் மட்டும் மங்கினால் லென்ஸ்தான். வீட்டில் திருகைத் தொடாதீர்கள். இந்தச் சரிசெய்தலுக்குக் கருவி வேண்டும். சர்வீஸ் சென்டர் வேலை.

## சிவப்புப் பாறை வரிகள் அழிந்து, வெறும் ஆரஞ்சுத் திட்டாகத் தெரிகிறது

மணற்பாறையின் உயிரே அதன் அடுக்குக் கோடுகள்தாம். பொழுது சாயும் நேரத்துச் செவ்வொளியில் அந்தக் கோடுகள் போய், பாறைக்குச் சாயம் அடித்ததுபோல் ஆகிவிடும். ஹிஸ்டோகிராம் (இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) சரியாகத்தான் இருந்தது என்பார்கள். இருந்திருக்கும், பிரகாச ஹிஸ்டோகிராமில் பச்சைக்கே அதிக எடை. சிவப்பு மட்டும் தனியாகக் கரை உடைத்துப் போனாலும் அதில் தெரியாது.

கேமரா பதப்படுத்தாமல் சேமித்த ரா கோப்பைத் திறந்து எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக்கும் அளவு) இறக்குங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

கோடுகள் திரும்பி வருகின்றன. கோப்பு நலமாக இருக்கிறது, கெட்டது பின்வேலையில். சாச்சுரேஷனைக் கூட்டியிருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். சிவப்பு, ஆரஞ்சு இரண்டின் ஒளிர்வை மட்டும் தனியாகப் பத்து இருபது புள்ளி இறக்குங்கள். அப்படியும் மென்பொருளில் நன்றாகத் தெரிந்து, ஏற்றுமதி செய்த ஜேபெக்கில் மட்டும் திட்டாகிறதென்றால், எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் குறுகிய நிறவெளிக்குள் அந்தச் சிவப்பு அடங்கவில்லை. அந்த வெளியை முன்னோட்டமாகக் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டு, எச்சரிக்கை நிறம் மறையும்வரை செறிவைக் குறைத்து ஏற்றுமதி செய்யுங்கள்.

கோடுகள் வரவில்லை, திட்டு இருட்டாகிறது, அவ்வளவுதான். எடுக்கும்போதே சிவப்பு நிரம்பி வழிந்துவிட்டது. இதற்கு மருந்தில்லை. குறைத்து எடுத்த இன்னொரு படம் இருந்தால் அதிலிருந்து அந்தப் பகுதியை எடுத்து ஒட்டலாம். அடுத்த முறைக்கு:

- சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போடுங்கள். சிவப்பு மலை வலது சுவரைத் தொடாமல் நிற்கட்டும். பெரும்பாலும் 2/3 ஸ்டாப் குறைத்தால் போதும்.
- கேமராவின் ஹிஸ்டோகிராம் ரா கோப்பைக் காட்டுவதில்லை; உள்ளே தயாராகும் ஜேபெக் முன்னோட்டத்தைத்தான் காட்டுகிறது. பட பாணியை ‘விவிட்’, ‘லேண்ட்ஸ்கேப்’ என்று வைத்திருந்தால் சிவப்பு பொய்யாகப் பொங்கும். ‘நியூட்ரல்’ வையுங்கள்.
- ஒளியின் நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ‘ஷேட்’ என்று வைத்தாலும் இதே கதை. பகல் ஒளி, 5200 முதல் 5500 கெல்வின்.

எதிரொளியில் இந்தப் பிழை இன்னும் கடுமை. யூட்டாவின் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவில் உள்ள மீசா ஆர்ச் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சூரியன் உதிக்கும்போது ஒளி கீழேயுள்ள செங்குத்துப் பாறையில் பட்டுத் தெறித்து, வளைவின் அடிப்பக்கத்தைத் தணலாக்கும். எல்லோரும் கண்வைப்பது அடிவானச் சூரியன்மேல். வெடித்துப்போவது வளைவின் வயிறு. ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை அந்த வயிற்றில் வைத்து அளவெடுங்கள்.

### மறுதலை: பாறை சிவப்பாகவே இல்லை, காவி மங்கல்

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் செவ்வொளியைக் குறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது. ரா என்றால் 5200 கெல்வினுக்கு மாற்றுங்கள், முடிந்தது. நிழல்பக்கம் நீலமாக இருப்பது பிழையே அல்ல. அங்கே விழுவது வானத்து ஒளி. கண்ணை உறுத்தினால் மென்பொருளில் நிழலை மட்டும் முகமூடி (மாஸ்க்) போட்டுப் பிரித்து, அதன் நிறத்தைச் சற்றுச் சூடாக்குங்கள். படம் முழுவதையும் சூடாக்கினால் வானம் அழுக்காகும்.

## வெள்ளைப் பாறை சாம்பலாக, மணல் இருட்டாக வருகிறது

கேமராவின் ஒளி மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். எகிப்தின் வெள்ளைப் பாலைவனத்துச் சுண்ணப்பாறைகள், உப்புத் தரை, வெளிர் மணல், எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் சாய்ந்து, சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும். இதில் வேறு காரணம் தேட வேண்டாம்.

## வானத்தின் நடுவே கருநீலப் பட்டை

காரணம் போலரைசர், பளபளப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் ஃபில்டர். சூரியனுக்கு 90 பாகையில் உள்ள வானத்தில்தான் அதன் விளைவு உச்சம். அகல லென்ஸ் அந்த உச்சத்தையும் அதன் இருபுறத்தையும் சேர்த்து வாரிக்கொள்வதால் நடுவில் இருட்டாகவும் ஓரங்களில் வெளிறியும் வரும். ஆள்காட்டி விரலைச் சூரியனுக்கு நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் போகும் வழிதான் பட்டை விழும் இடம்.

24 மி.மீ.க்குக் கீழே வானம் அதிகமாக இருக்கும் படத்தில் போலரைசரைக் கழற்றிவிடுவதே நல்லது. வேண்டுமென்றால் பாதி அளவுக்கு மட்டும் திருப்புங்கள். ஆனால் ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். பாறைமேல் படிந்த கருமினுக்கான மேற்பூச்சு வானத்தைப் பிரதிபலித்து வெளிறித் தெரியும்போது, அந்தப் பளபளப்பை எடுத்து உள்நிறத்தைக் காட்ட வேறு கருவி இல்லை. வானத்தைத் தவிர்த்துப் பாறைச் சுவரை மட்டும் எடுக்கும்போது தாராளமாகப் போடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளி குறையும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

படத்தின் நான்கு மூலைகளும் கறுத்தால் அது வேறு: ஃபில்டர்மேல் ஃபில்டர் அடுக்கியிருக்கிறீர்கள். ஒன்றைக் கழற்றுங்கள்.

## பாறை உச்சி கறுத்திருக்கிறது, விளிம்பில் வெள்ளைக் கோடு

உச்சி மட்டும் கறுப்பு: மேல்பாதி இருண்ட கிராஜுவேட்டட் ஃபில்டர் வானத்தோடு கோபுரத்தின் தலையையும் இருட்டாக்கிவிட்டது. சமதளக் கடலுக்குப் பொருந்தும் கருவி, வானத்தில் துருத்தி நிற்கும் பாறைக்குப் பொருந்தாது. ஃபில்டரை விட்டு, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, இரண்டு கூட்டி ஒன்று எடுத்துச் சேருங்கள்.

விளிம்பில் வெள்ளைக் கோடு: மென்பொருளில் தெளிவைக் கூட்டும் கிளாரிட்டி, டீஹேஸ், ஷார்ப்பனிங் மூன்றையும் வானத்தின் மேலும் சேர்த்துப் போட்ட பலன். பாறைக்கு மட்டும் முகமூடி போட்டு அவற்றைக் கொடுங்கள். கோடு இன்னும் இருந்தால் முகமூடியின் விளிம்பை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே இழுங்கள்.

## பாறை பெரிதாகவே தெரியவில்லை, தட்டையாகக் கிடக்கிறது

நேரில் அண்ணாந்து பார்த்த பாறை படத்தில் கூழாங்கல்போல் கிடந்தால், காரணம் பெரும்பாலும் அகல லென்ஸ். அது அருகிலுள்ளதைப் பெருக்கி, தொலைவிலுள்ளதைச் சிறுக்கவைக்கும். பின்வாங்கி 70 முதல் 200 மி.மீ.க்குள் எடுங்கள், அடிவாரத்தில் ஓர் ஆள் நின்றால் அளவு தானாக விளங்கும். தட்டை என்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பாறையைச் சுற்றி நடந்து, ஒளி பக்கவாட்டில் விழும் இடத்துக்குப் போங்கள். நண்பகலில் சுற்றியும் பயனில்லை. அப்போது குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளியை எடுக்கலாம். நேர்வெயில் விழும் துண்டு எதுவும் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## பாறை சாய்ந்து விழுவதுபோல் நிற்கிறது

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரம் பின்னால் சாயும். கேமராவை மட்டமாக வைத்து, கீழே அதிகமாக வரும் மணலைப் பிறகு வெட்டிவிடுங்கள். மென்பொருளில் நிமிர்த்துவதென்றால் இருபுறமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். நிமிர்த்தும்போது ஓரம் தின்றுபோகும்.

தொடுவானமே சாய்ந்திருந்தால் கண்ணை நம்பாதீர்கள். சாய்வான பாறை அடுக்குகளும் மணல்மேட்டுச் சரிவும் கண்ணை ஏமாற்றும். அடுக்குக்கு இணையாகக் கேமராவைப் பிடித்துவிடுவோம். மின்னணு மட்டக்கோடு மட்டுமே சாட்சி.

## பனோரமா ஒட்டுமிடத்தில் உடைகிறது

- அருகிலுள்ள பாறை இரட்டையாகிறது: கேமரா தன் திருகுத்துளையை மையமாக வைத்துச் சுழல்கிறது. லென்ஸின் நுழைவுத்துளையை (முன்னிருந்து பார்க்கும்போது உள்ளே தெரியும் திறப்பு) மையமாக்க நீளச் சறுக்குத்தட்டு வேண்டும். முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு கோல்களை ஒரே கோட்டில் வைத்துக் கேமராவைச் சுழற்றுங்கள்; அவை விலகாமல் ஒட்டியே இருக்கும்வரை தட்டை முன்பின் நகர்த்துங்கள். அருகில் எதுவுமே இல்லாத காட்சிக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை.
- வானத்தில் படிப்படியாக நிறம் மாறுகிறது: எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் கைமுறையில் இருக்க வேண்டும்; போலரைசர் கூடாது.
- மென்பொருள் சேர்க்க மறுக்கிறது: ஒன்றின்மேல் ஒன்று முப்பது சதவீதமாவது படிய எடுங்கள்.

## இரவில்

நட்சத்திரம் கோடாகிறது. 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால் வரும் நொடிக்குமேல் ஷட்டரைத் திறந்துவைக்காதே என்பது பழைய விதி, 20 மி.மீ.க்கு 25 நொடி. அதிக மெகாபிக்சல் சென்சாரில் அது ஏமாற்றும். 300-ஐ வகுங்கள்: 15 நொடி.

நட்சத்திரம் வட்டமான பொட்டாக வீங்கியிருக்கிறது. லென்ஸ்மேல் அச்சிட்ட முடிவிலிக் குறியை நம்பியதால் வந்தது. லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்காக்கி, ஆகச் சின்னப் புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள். வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். பாலைவனத்தில் பொழுது சாய்ந்ததும் வெப்பம் மளமளவென்று இறங்குவதால், லென்ஸ் சுருங்கி ஃபோகஸ் நகரலாம். மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

பாறை கருநிழலாகவே வருகிறது. முக்காலியை அசைக்காமல் அந்தி வெளிச்சத்திலேயே பாறையை ஒருமுறை எடுத்து வைத்துவிட்டு, இருட்டியதும் வானத்தை எடுத்துச் சேருங்கள். டார்ச் அடித்து வெளிச்சம் போடுவதற்கு முன் அந்த இடத்தின் விதியைப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட பூங்காக்கள் சிலவற்றில் பாறைமேல் விளக்கடிப்பதற்கே தடை.

படத்தில் சிவப்பும் நீலமுமான ஊசிமுனைப் புள்ளிகள். சென்சார் சூடேறியிருக்கிறது. நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கத்தைப் போடுங்கள். படத்துக்கான நேரம் இரட்டிப்பாகும். குளிர்ந்த இரவில், குறைந்த ஐ.எஸ்.ஓ.விலும் அதே புள்ளிகள் அதே இடத்தில் வந்தால் கெட்ட பிக்சல்களைக் கண்டு மறைக்கும் பிக்சல் மேப்பிங்கை ஓட்டுங்கள். கேமராவில் அந்த வசதி இல்லையென்றால் சர்வீஸ் சென்டர்.

## நறநறவென்ற சத்தம்: முக்காலிக் கால், ஜூம் வளையம், ஃபில்டர்

சத்தம் கேட்ட நொடியில் சுழற்றுவதை நிறுத்துங்கள். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் 7. லென்ஸ் கண்ணாடி பொதுவாக அதற்குக் கீழே. அலுமினியம், பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னும் இரண்டு சுற்று சுற்றினால் புரியில் பள்ளம் விழும்.

முக்காலிக் கால். உள்ளே தள்ளி மடக்காதீர்கள். ஒட்டிய மணலும் உள்ளே போகும். நீட்டியபடியே வீட்டுக்கு வந்து ஒருநேரத்தில் ஒரு காலை மட்டும் கழற்றுங்கள். மூன்றையும் கழற்றினால் உதிரிகள் கலந்துவிடும். திருகுப் பூட்டை முழுவதும் அவிழ்த்துக் குழாயை இழுத்தால், மேல்முனையில் இரண்டு பிளாஸ்டிக் அரைவளையங்களும், பூட்டுக்குள் ஒரு வளையமும் இருக்கும். எது எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, ஓர் இரவு காயவிடுங்கள். கிரீஸ் புரியில் மட்டும், விரல்நுனியில் தொட்டுத் தடவும் அளவுக்கு. குழாயில் கிரீஸ் பட்டால் கால் வழுக்கும், அடுத்த பயணத்து மணலும் அதிலேயே ஒட்டும். உப்புத் தரையில் நிறுத்தியிருந்தால் அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இனி மணலில் நிறுத்தும்போது ஆகக் கீழே உள்ள மெல்லிய குழாயை முதலில் நீட்டுங்கள். பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். இந்தக் கழற்றல் வேலையே பாதி குறையும்.

ஜூம் அல்லது ஃபோகஸ் வளையம். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, வளையத்தின் இடுக்கைச் சுற்றிலும் ஊதி, மென்தூரிகையால் துகளை வெளியே தள்ளுங்கள். மேலே நோக்கிப் பிடித்து ஊதினால் துகள் உள்ளேதான் போகும். பிறகு மெல்லச் சுழற்றுங்கள். சத்தம் போகவில்லை என்றால் லென்ஸைப் பையில் போட்டு மூடி, சர்வீஸுக்கு அனுப்புங்கள். அதுவரை ஆட்டோஃபோகஸையும் ஓட்டாதீர்கள்.

கழலாத ஃபில்டர். விரலால் இறுக்கிப் பிடித்தால் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். அகன்ற ரப்பர் பட்டையைச் சுற்றி, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, சம அழுத்தத்தில் திருப்புங்கள்.

முன் கண்ணாடி. ஊது, தூரிகை, அதற்குப் பிறகே துணி. சட்டை நுனியால் துடைக்கும் பழக்கம் இருந்தால், ஃபில்டர் ஒன்றைப் போட்டு அதைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

## கேமரா தானாக அணைகிறது

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் இயங்கு வெப்ப வரம்பு 0 முதல் 40 பாகை செல்சியஸ். வெயிலில் நிற்கும் கறுப்புக் கேமராவின் உடல், சுற்றுக் காற்றைவிட அதிகமாகச் சூடேறும். லைவ் வியூவை அணைத்து, படங்களுக்கு நடுவே வெளிர்நிறத் துணியால் மூடுங்கள். வண்டியின் முன்பலகையில் வைக்காதீர்கள். சூடேறி அணைந்தால் பேட்டரியைக் கழற்றி நிழலில் ஆறவிடுங்கள். குளிர்பெட்டிக்குள் வைத்தால் உள்ளே நீர் படியும்.

அதிகாலைக் குளிரில் அணைந்தால் அது பேட்டரி. உள்சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றிப் போட்டால் பாதி உயிர் திரும்பும்.

வெப்பம் குளிர் எதுவும் இல்லாமல் அணைந்தால், பேட்டரியின் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். மெமரி கார்டை வெளியே எடுத்து அதன் முனைகளை ஊதுங்கள். கார்டு செருகும் பள்ளத்துக்குள் எதையும் விட்டுக் குடையாதீர்கள், உள்ளே ஊசிகள் வளைந்தால் பலகையையே மாற்ற வேண்டிவரும். வேறு பேட்டரி, வேறு கார்டு போட்டும் அணைந்தால் சர்வீஸ் சென்டர். கொடுப்பதற்கு முன் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள், மணலில் பயன்படுத்தியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எதைத் திறந்து எங்கே சுத்தம் செய்வது என்று அவர்களுக்கு அதுதான் முதல் தடயம்.